கல் வைக்காத ஜீப்

சிவரஞ்சனி என்ஜின் செய்கிறாள் என்ற சேதி நாகலூர் முழுக்கப் பரவியதற்கு அவள் மாமியார் பாவாயிதான் காரணம். மருமகள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிறாளே, அப்படி என்ன வேலை என்று பஸ் ஸ்டாப்பில் யாரோ கேட்டிருக்கிறார்கள். "என்ஜின் பண்றா" என்று பாவாயி சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அன்று சாயங்காலமே இரண்டு பேர் வீடு தேடி வந்து, டீசலா பெட்ரோலா, மைலேஜ் எப்படி என்று சிவரஞ்சனியின் கணவன் ஜெயபிரகாஷிடம் விசாரித்தார்கள். மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறவன் வீட்டில் என்ஜின் என்றால் வேறெதை நினைப்பார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது. "இன்னும் ஓட்டிப் பாக்கலீங்க" என்று சொல்லி அனுப்பி வைத்தான்.

விஷயம் இதுதான். மெடோ என்று கம்ப்யூட்டருக்குள் ஓர் உலகம் இருக்கிறது. பல தேசத்து ஆட்கள் அதற்குள் வந்து வீடு கட்டுகிறார்கள், வண்டி ஓட்டுகிறார்கள், கச்சேரி நடத்துகிறார்கள், மனஸ்தாபப்பட்டுக்கொள்கிறார்கள். அது எந்த முதலாளிக்கும் சொந்தமில்லை. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பிடித்தால் சேர்த்துக்கொள்வார்கள். அந்த உலகத்தில் எல்லாம் உண்டு, மேடு மட்டும் இல்லை. தோசைக்கல் மாதிரி ஒரே தட்டை.

காரணம் என்ஜின். அங்கே விழுவது விழவும், உருள்வது உருளவும், நிற்பது நிற்கவும் கணக்குப் போடுகிற நிரலுக்குத்தான் பிசிக்ஸ் என்ஜின் என்று பெயர். பழைய என்ஜினுக்குச் சரிவு ஆகாது. சரிவில் ஒரு நாற்காலியைப் போட்டால் அது குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கும், அப்புறம் ஆகாயத்தில் பறந்துவிடும். இரண்டு மூன்று நாற்காலிகள் பறந்த பிறகு, மலையே வேண்டாம் என்று பொறுப்பாளர்கள் முடிவெடுத்துவிட்டார்கள்.

கரடியூரில் பிறந்து நாகலூரில் வாக்கப்பட்டவளுக்கு இது பொறுக்குமா? பெங்களூரு கம்பெனி வேலையை விட்டுவிட்டு மலைக்குத் திரும்பிய நாளிலிருந்து அவள் புது என்ஜின் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். அது சேர்ந்துவிட்டால், மெடோவை நடத்துகிற அமைப்பு அவளையே அதற்குப் பராமரிப்பாளராக வைத்துக்கொள்ளும். மாதச் சம்பளம், வேலை வீட்டிலிருந்தே. சேராவிட்டால் பெங்களூரு. பழைய கம்பெனி திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஏற்காட்டில் கோடை விழா முடிகிறவரைக்கும் பொறுக்கிறோம் என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள். அந்த விழா நெருங்கிக்கொண்டிருந்தது.

அவள் பெங்களூரு போனால் ஜெயபிரகாஷ் கூடப் போக முடியாது. ஜீப்பும் தோட்டமும் அம்மாவும் இங்கே. கல்யாணமான புதிதில் ஒரு வருஷம் அவள் அங்கேயும் இவன் இங்கேயுமாக இருந்து பார்த்தாயிற்று. அந்த வருஷத்தை நினைத்தால் அவனுக்கு இப்போதும் சோறு இறங்காது. இதை அவன் அவளிடம் சொன்னதில்லை. "உனக்கு எது சரின்னு படுதோ செய்யி" என்று மட்டும் பெரிய மனுஷன் போலச் சொல்லி வைத்திருந்தான்.

பொறுப்பாளர்களில் தலைவர் ஹென்னிங், டென்மார்க்காரர். நல்ல மனிதர், சட்டதிட்டம் பார்க்கிறவர். அவர் தேசத்தில் இருக்கிற மிக உயரமான குன்றைவிட நம் சேலம் பஸ் ஸ்டாண்டு உயரத்தில் இருக்கிறது என்று சிவரஞ்சனி ஒருநாள் வரைபடத்தைப் பார்த்துச் சொன்னாள். அன்றிலிருந்து ஜெயபிரகாஷுக்கு அவர்மேல் ஓர் இரக்கம். மேடு தெரியாமல் வளர்ந்த மனிதர், பாவம், என்ன செய்வார்.

புது என்ஜினைச் சோதிக்க ஒரு மலை வேண்டும். சிவரஞ்சனி தனக்குத் தெரிந்த மலையையே கட்டினாள். கரடியூர் வியூ பாயிண்டுக்குப் போகிற ரோடு, அதன் வளைவுகள், ஓரத்துக் காப்பிச் செடிகள், சரிவில் கிடக்கிற கற்கள் வரைக்கும். கற்களை மட்டும், எங்கே எடுத்து வைத்தாலும் மண்ணில் அரை விரல் பதிந்து நிற்கும்படி எழுதினாள். மலையில் கல் அப்படித்தானே கிடக்கும். அப்புறம் ஒரு ஜீப்பையும் செய்தாள். அதை ஓட்ட அவளுக்குத் தெரியாது.

ஆகவே ஜெயபிரகாஷ் ஓட்டினான். கடைசி நடை முடிந்து வந்து, வீட்டுக்கு மேலே ரோட்டோரம் ஜீப்பை நிறுத்தி, கல்லை வைத்து, கை கால் கழுவி, காப்பியைக் குடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான். உள்ளே இருக்கிற ஜீப்பை எடுத்துக்கொண்டு உள்ளே இருக்கிற கரடியூருக்குப் போவான். மேட்டில் நிறுத்துவான், பள்ளத்தில் நிறுத்துவான், வளைவில், ஓரத்தில், பாதி ரோட்டில் பாதி மண்ணில் என்று நிறுத்துவான். அவன் செய்வது ஒவ்வொன்றும் அப்படியே பதிவாகும். சிவரஞ்சனி நிரலில் ஒரு வரியை மாற்றினாலும் போதும், எல்லாப் பதிவும் தானாக மறுபடி ஓடும். நிறுத்திய இடத்தில் ஜீப் நின்றால் பச்சை விளக்கு, நகர்ந்தால் சிவப்பு. மாதக்கணக்காகப் பச்சைதான்.

"ஏனுங்க, நீங்க நிறுத்துன வண்டி ஒண்ணுகூட நகர மாட்டேங்குதுங்க" என்றாள் அவள், பெருமையாக.

"நான் நிறுத்துனா நகராது" என்றான் அவனும்.

மெடோவின் பெயர்ப் பட்டியலில் அவளுக்குக் கீழே 'சோதனை: ஜெயபிரகாஷ், நாகலூர்' என்று ஏறியது. அதைப் போனில் எடுத்துவைத்துக்கொண்டு, ஏற்காடு ரவுண்டானா பக்கம் குடையும் ஸ்வெட்டரும் விற்கிற அப்துல் காதர் பாயிடம் காட்டினான். பாய் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார்.

"பேரு போட்டிருக்காங்க, நல்லா இருக்குதுங்க தம்பி. போட்டோ போடலீங்களா?"

"அதெல்லாம் போட மாட்டாங்க பாய்."

"அப்ப இது நீங்கதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, மழை வருகிறதா என்று வானத்தைப் பார்த்தார்.

சித்திரை பிறந்ததும் ஹென்னிங் அனுமதி கொடுத்தார். சோதனை ஓட்டமாகக் கொஞ்ச நாள் புது என்ஜினில் மெடோ ஓடட்டும், மலையைத் திறந்துவிடுவோம் என்றார். திறந்ததும் கோடை விழாக் கூட்டம் தோற்றது. ஏழு வருஷமாகத் தட்டையில் கிடந்த ஜனம். உச்சியில் இடம் பிடித்து வீட்டைத் தூக்கிவந்து வைத்தார்கள். சிலியில் இருக்கிற ஓர் அம்மாள் பெரிய பியானோவை வியூ பாயிண்டிலேயே போட்டு வாசித்தார். ஹென்னிங், பொறுப்பாளர்கள் கூடுகிற சபை மண்டபத்தையே உச்சிக்கு மாற்றினார். சிவரஞ்சனி அன்று கேசரி செய்தாள்.

மூன்றாம் நாள் முதலாவது புகார் வந்தது. ஒருவர் தன் வீட்டு ஜன்னலிலிருந்து மலையடி ஏரி தெரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டை நகர்த்தி மறைத்துவிட்டார் என்றார். பக்கத்து வீட்டுக்காரர், நான் தொடவே இல்லை, நீதான் என் தோட்டத்துக்குள் வந்துவிட்டாய் என்றார். வரப்புத் தகராறு எந்த உலகத்திலும் வரப்புத் தகராறுதான். மறுநாள் ஒரு பெஞ்சு ரோட்டுக்கு வந்திருந்தது. அதற்கடுத்த நாள் பியானோவைக் காணோம். தேடிப் பார்த்தால் ஏரிக்குள் இருந்தது.

எதுவும் பறக்கவில்லை, நடுங்கவில்லை. சும்மா, யாரும் பார்க்காதபோது, எல்லாம் இறங்கிக்கொண்டிருந்தன. சட்டென்று கண்ணுக்குத் தெரியாத மெதுவில் ஒரு மலையே காலி ஆகிக்கொண்டிருந்தது.

ஹென்னிங் மரியாதையாகத்தான் எழுதினார். வருகிற சனிக்கிழமை சபை கூடுகிறது. அதற்குள் தவறு எங்கே என்று தெரியாவிட்டால் பழைய என்ஜினுக்கே திரும்பிவிடுவோம், மலை என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடுவோம் என்று எழுதி, அன்புடன் என்று முடித்திருந்தார்.

சிவரஞ்சனி தேடினாள். தேடத் தேட ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் சோதனையில் எல்லாம் பச்சை. உலகமே சறுக்குகிறது, அவள் சோதனைக் கரடியூர் மட்டும் அசையாமல் நிற்கிறது. பாவாயி கொண்டுபோய் வைத்த களி அப்படியே ஆறிக் கிடந்தது. "ஏங் கண்ணு, என்ஜின் ரிப்பேரா?" என்று மாமியார் கேட்டதற்கு, "ஆமாங்கத்தே" என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை காலையில் அவள் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டுவதை ஜெயபிரகாஷ் பார்த்தான். ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அன்று மஞ்சக்குட்டையில் இறங்க வேண்டிய ஓர் அம்மாளை அடுத்த ஊர் வரைக்கும் கொண்டுபோய்விட்டான். அவர் நன்றாகத் திட்டினார். திட்டு அவன் காதில் ஏறவே இல்லை.

மத்தியானம் சீசன் நெரிசலில் ரோடு அடைத்துக்கொண்டது. நடையை விட்டுவிட்டுச் சாப்பிட வீட்டுக்கு வந்தான். சிவரஞ்சனி திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"ஏனுங்க, இதப் பாருங்க. அந்த சிலி அக்கா நிறுத்துன ஜீப்பு. உங்க ஜீப்பேதான், உங்க வளைவேதான். நேத்து நிறுத்துன எடம் இது, இன்னிக்கு நிக்கிற எடம் இது. நீங்க நிறுத்துனா நிக்குது, அவங்க நிறுத்துனா எறங்குது. எனக்கு ஒண்ணுமே புரிபடலீங்க."

ஜெயபிரகாஷ் சோற்றைப் பிசைந்துகொண்டே எட்டிப் பார்த்தான்.

"எறங்காம என்ன பண்ணும்? அந்தம்மா கல்லு வெக்கலியே."

சிவரஞ்சனி திரையிலிருந்து மெதுவாகத் திரும்பினாள்.

"நீங்க வெச்சீங்களா?"

"எதைய?"

"கல்லு. நம்ம மலையில, கம்ப்யூட்டருக்குள்ள. வண்டிய நிறுத்திப்போட்டுக் கல்லு வெச்சீங்களா?"

"பின்ன வெக்காம? சரிவுல நிறுத்திப்போட்டுச் சும்மா வர்றதுக்கு எனக்கென்ன கிறுக்கா?"

அவள் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். மேட்டில் நின்ற ஜீப்பின் பின் சக்கரத்தில் ஒரு கல். பள்ளத்தில் நின்றதன் முன் சக்கரத்தில் ஒரு கல். வளைவில், ஓரத்தில், எங்கே பார்த்தாலும் சக்கரத்தடியில் கச்சிதமாக ஒரு கல். ஜீப்பை நிறுத்தி, இறங்கி, குனிந்து, நல்ல கல்லாகப் பார்த்து எடுத்து வைத்து, காலால் ஒரு உதை உதைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் பதிவை முடித்திருந்தான். மாதக்கணக்காக அவள் இந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கல் இல்லாமல் ஒரு ஜீப் நின்றிருந்தால் அன்றைக்கே அவள் கண்ணில் உறுத்தியிருக்கும். கல்லோடு நிற்கிற ஜீப்பில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? இந்த மலையில் பிறந்த யாருக்கும் அது கண்ணில் படாது.

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"என்னன்னு சொல்றது ரஞ்சனி? கதவச் சாத்துனேன், சாவிய எடுத்தேன்னு சொன்னனா?"

கற்களை எல்லாம் எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தாள். ஒரு பச்சை விளக்கு மிஞ்சவில்லை. அதன் பிறகு தவறைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சரிவில் நிற்கிற பொருளைக் கீழே இழுக்கிற கணக்கு முழுசாக இருந்தது. பிடித்து நிறுத்துகிற கணக்கில் ஒவ்வொரு தடவையும் கடைசி இலக்கம் ஒன்று விட்டுப்போயிருந்தது. படி அளக்கும்போது தினம் ஒரு நெல் குறைந்தால் யாருக்குத் தெரியும்? வருஷக் கடைசியில் குதிர் சொல்லும்.

ஜெயபிரகாஷுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் கல் வைக்காமல் இருந்திருந்தால் முதல் நாளே சிவப்பு எரிந்திருக்கும், அவள் அன்றே சரிசெய்திருப்பாள். அவளைப் பெங்களூருக்கு அனுப்பக்கூடாது என்று மனசுக்குள் மலைச்சாமி சேர்வராயனுக்கு வேண்டிக்கொண்டவனே, குனிந்து குனிந்து ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கி அவளுக்கு பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது தும்பிக்கை இருக்கிறது, பழியை அதன்மேல் போடலாம்.

சனிக்கிழமை சபை கூடியபோது இங்கே சாயங்காலம் ஆகப்போகிற நேரம். சிவரஞ்சனி பேசுவதற்குத் தயாராக உட்கார்ந்தாள். ஜெயபிரகாஷ் பக்கத்தில் தன் பழைய லேப்டாப்பில் உள்ளே போய், மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்றுகொண்டான். மண்டபம் உச்சியிலிருந்து பாதி மலை இறங்கியிருந்தது. முன் ஜன்னல் வழியாக ஏரி தெரிந்தது. முந்தின வாரம் அந்த ஜன்னலில் மேகம்தான் தெரிந்தது என்று யாரோ சொன்னார்கள்.

ஹென்னிங் ஆங்கிலத்தில் கேட்டது ஜெயபிரகாஷுக்கும் புரிந்தது. சோதனை எல்லாம் பச்சை என்றால், சோதித்தது யார்?

ஜெயபிரகாஷ் சிவரஞ்சனியைப் பார்த்தான். என் கணவர் தெரியாமல் செய்துவிட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் பெயரை எடுத்துவிடுவார்கள், அவள் பெயர் தப்பும். சொல்லட்டும் என்றுதான் அவனும் நினைத்தான்.

"என் கணவர்" என்றாள் சிவரஞ்சனி ஆங்கிலத்தில். "அவர்மேல் தப்பு இல்லை. எங்கள் ஊரில் சக்கரத்துக்குக் கல் வைக்காமல் யாரும் வண்டியை நிறுத்த மாட்டார்கள். அவர் எல்லாச் சோதனையிலும் கல் வைத்திருக்கிறார். அத்தனை படத்திலும் அது இருக்கிறது. நானும் அதே ஊர்க்காரி, அதனால் நான் அதைப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது, தவறு எங்கே என்றும் தெரிந்துவிட்டது."

ஒரு கல்லா என்று யாரோ கேட்டார்கள். கல்லால் ஒரு வீடு நிற்குமா என்று இன்னொருவர் கேட்டார். விவாதம் நீண்டது. பேச்சு நடக்க நடக்க ஜன்னலில் ஏரி பெரிதாகிக்கொண்டே வந்தது. ஜெயபிரகாஷுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வண்டி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற டிரைவர் எங்கேயாவது உண்டா? மெல்லப் பின்வாசல் வழியாக வெளியே போனான். சுற்றிக்கொண்டு மண்டபத்தின் கீழ்ப்பக்கம் வந்து, ரோட்டோரத்தில் ஒரு நல்ல கல்லைப் பார்த்து எடுத்து, அடியில் வைத்து, காலால் ஓர் உதை கொடுத்தான்.

உள்ளே ஹென்னிங் பேச்சை நிறுத்தினார்.

"ஏரி ஏன் நின்றுவிட்டது?" என்று கேட்டார்.

எல்லோரும் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார்கள். கீழே ஒருவன் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான். மெடோவில் கையில் மண் ஒட்டாது. இருந்தாலும் தட்டிக்கொண்டான்.

தீர்ப்பு இதுதான். இன்னும் ஒரு வாரம். திருத்திய என்ஜினில் எல்லாச் சோதனையையும் மறுபடி ஓட்ட வேண்டும். பழைய பதிவிலிருந்து கல்லை அழித்துக் கணக்குக் காட்டுவது செல்லாது, பதிவைத் திருத்தக்கூடாது என்பது மெடோவின் விதி. அதே டிரைவர், அதே இடங்கள், கல் இல்லாமல். கடைசி வளைவை அடுத்த சனிக்கிழமை சபையின் கண் முன்னால் ஓட்டட்டும்.

"முடியுமுங்களா?" என்று சிவரஞ்சனி கேட்டாள்.

"இதுல என்ன இருக்குது, கல்லு வெக்காம வரோணும், அவ்வளவுதான்" என்றான்.

அவள் அன்று ராத்திரியே நிரலைத் திருத்தி முடித்தாள். அவனால்தான் முடியவில்லை. முதல் நாள் ஓட்டியதில் ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாவற்றிலும் கல் வைத்திருந்தான். வைத்ததே அவனுக்குத் தெரியவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள். அடுத்த நாள், கற்களையே மலையிலிருந்து எடுத்துவிடட்டுமா என்று சிவரஞ்சனி கேட்டாள். இடம் அப்படியே இருக்க வேண்டும் என்று விதி இருந்ததால் அதுவும் முடியவில்லை. கடைசியில் பாவாயியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, திரையில் இவன் குனிந்தால் ஒரு தட்டுத் தட்டுங்கள் என்று சொன்னார்கள்.

பாவாயி விஷயத்தைக் கேட்டதும் எழுந்துவிட்டாள்.

"கல்லு வெக்க வேண்டாம்னு எந்த மகராசன் சொன்னான்?"

"ஹென்னிங்குன்னு ஒருத்தரும்மா. அந்த ஊர்ல பெரியவரு."

"அவனுக்குப் புள்ளகுட்டி இருக்குதா?"

"தெரியலீங்கத்தே" என்றாள் சிவரஞ்சனி.

"இருந்தா இப்படிச் சொல்லுவானா? சாமி, நான் தட்ட மாட்டேன். நீ வெக்காம உட்டா வேணா தட்டறேன்."

ஆனாலும் மருமகள் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். பரண் பெட்டி நடு வீட்டில் திறந்தே கிடந்தது, அதுவும் அவள் கண்ணில் பட்டிருக்கும். ஜெயபிரகாஷ் குனியும்போதெல்லாம் கையில் தட்டினாள். அவன் கல் வைக்காமல் ஜீப்பை விட்டு விலகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, "சேர்வராயா, புத்தியில்லாத புள்ளைங்க" என்றாள். அப்படி அந்த வாரம் ஓடியது. பெங்களூருக்காரர்கள் எந்தத் தேதி வருகிறீர்கள் என்று இரண்டு தரம் போன் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றாள் சிவரஞ்சனி.

சனிக்கிழமை சீசனின் உச்சம். ரவுண்டானாவிலிருந்து ஏரி வரைக்கும் காராக நின்றது. அப்படிப்பட்ட நாளில் ஜீப்பை வீட்டில் நிறுத்திவிட்டு ஜெயபிரகாஷ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். மெடோவில் கூட்டம் அதைவிட அதிகம். ஒருவன் வண்டி நிறுத்துவதைப் பார்க்க அத்தனை தேசத்து ஜனமும் ரோட்டின் இருபுறமும் நின்றது.

மிச்சம் இருந்தது வியூ பாயிண்டுக்கு முந்தின வளைவு. அதை அவன் வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்திருந்தான். நிஜக் கரடியூர் ரோட்டில், அதே வளைவில், அவன் கண்ணெதிரே ஒரு டூரிஸ்ட் வேன் தானாக இறங்கி, ஒரு காப்பித் தோட்டத்து வேலியைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. நல்ல வேளை, உள்ளே யாரும் இல்லை. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தேன் என்று அந்த டிரைவர் அழுதுகொண்டே சொன்னார். கல்லு வெச்சீங்களா என்று எல்லோரும் கேட்டார்கள், இவனும் கேட்டான்.

ஜீப்பை ஏற்றினான். வளைவில், மூக்கு மேலே பார்க்க நிறுத்தினான். இறங்கினான். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், அவனுக்காகவே போட்டு வைத்ததுபோல் ஒரு கல் கிடந்தது. குனிந்து அதை எடுத்தான்.

பாவாயி தட்டவில்லை. மகன் முகத்தை மட்டும் பார்த்தாள்.

கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அவன் நின்றான். சுற்றி நின்றவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது, ஓர் ஆள் கல்லோடு நிற்கிறான், அவ்வளவுதான். வண்டியின்மேல் அவனுக்கு ஒரு நாளும் நம்பிக்கை இருந்ததில்லை. பிரேக்கின்மேல் இல்லை, ரோட்டின்மேல் இல்லை. கல்லின்மேல்தான். இப்போது கல்லை விட்டுவிட்டு ரஞ்சனியின் கணக்கை நம்பு என்கிறார்கள். நம்பாமல் என்ன, நம்புகிறான். கைக்குத்தான் அது தெரியவில்லை. பக்கத்தில் அவள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பது அவனுக்குத் தெரிந்தது. அவன் தோளில் அவள் கை வைக்கவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் கல்லை வைத்திருப்பான்.

கல்லை ரோட்டோரமாகப் போட்டுவிட்டு நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் பார்ப்போம் என்றார் ஹென்னிங். பார்த்தார்கள். நிறுத்திய ஜீப் நின்றுகொண்டிருப்பதைப் பார்ப்பதைவிடச் சுவாரசியமான வேடிக்கைகள் உலகத்தில் உண்டு. ஆனால் ஒருவரும் கலையவில்லை. சிலி அம்மாள் ஏரியிலிருந்து எடுத்துவந்த பியானோவைச் சரிவிலேயே போட்டு வாசித்தார். அதுவும் நின்றது. பாவாயி எழுந்து போய் அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு வந்து, "இன்னும் நிக்குதா?" என்று கேட்டாள். இன்னொரு தடவையும் கேட்டாள். சிவரஞ்சனி திரையில் எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஜெயபிரகாஷ் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்த ஒரு மணி நேரம் முடிந்ததும் ஹென்னிங் ஜீப்பைச் சுற்றி வந்தார். குனிந்து நான்கு சக்கரத்தடியிலும் பார்த்தார்.

"நகரவில்லை" என்றார். "சேர்த்துக்கொள்கிறோம்."

சிவரஞ்சனி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஜெயபிரகாஷுக்கும் கண் கலங்கியது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நல்ல குளிரு என்றான். சித்திரை வெயிலில் என்ன குளிர் என்று பாவாயி கேட்டாள். பிறகு அவள் மருமகளின் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, "நொம்ப இளைச்சுப்போயிட்ட கண்ணு" என்றாள். சிவரஞ்சனி கண்ணைத் துடைத்துவிட்டு, ஞாயிறு வரைக்கும் காத்திருக்காமல் பெங்களூருக்கு அப்போதே போன் செய்ய வெளியே போனாள். சிக்னல் வாசலில்தான் நன்றாகக் கிடைக்கும். "இல்லீங்க, வரல" என்று அவள் சொன்னது உள்ளே தெளிவாகக் கேட்டது. பாவாயி பெட்டியை மூடி, தானே தூக்கிப் பரண்மேல் போட்டாள்.

மெடோவில் கூட்டம் கலைந்தது. ஹென்னிங் போனார், பியானோவும் போயிற்று. வெறும் ரோட்டில், வளைவில், ஜீப் மட்டும் நின்றது.

ஜெயபிரகாஷ் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். வாசல் பக்கம் பார்த்தான். யாரும் இல்லை. மவுஸை மெல்ல எடுத்தான். ரோட்டோரம் நடந்து போய், போட்ட இடத்திலேயே கிடந்த கல்லை எடுத்துக்கொண்டு, பின் சக்கரத்தை நோக்கி வந்து குனிந்தான்.

"ஏனுங்க."

நிலைப்படியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு சிவரஞ்சனி நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"உன்ற கணக்க நம்பாம இல்ல ரஞ்சனி. அது நிக்கும். எனக்குத் தெரியும். இது சும்மா..."

"தெரியுமுங்க" என்றாள் அவள். "வெச்சுப்போட்டு வாங்க, சோறு ஆறுது."

அவன் கல்லை வைத்து, காலால் ஓர் உதை உதைத்துப் பார்த்துவிட்டு, சாப்பிடப் போனான்.